ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர்

லென்ஸ் வந்து உட்காரும் வளையத்திலிருந்து
ஃபிலிம் ஓடும் தளம் வரைக்கும்
ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர்.
சாக்கி நாக்காவில், எங்கள் இரண்டாம் மாடி சர்வீஸ் அறையில்
சாமி படம் கிடையாது.
இந்த எண்ணைத்தான் எழுதி ஒட்டியிருக்கிறது.

கேமரா எடுக்க வந்த மந்தாகினி கர்க்கரே
"எது நல்லது?" என்றாள்.
நல்லது கெட்டது எனக்குத் தெரியாது.
யார் தோளில், எத்தனை மணி நேரம்,
பக்கத்தில் பிளக் பாயின்ட் உண்டா,
இவ்வளவுதான் நான் கேட்பது.
விரார் கடைசி லோக்கலில், கூட்டத்துக்கு நடுவில், என்றாள்.
தயாரிப்பாளர் குறுக்கே வந்து "எத்தனை கே?" என்றார்.
"ரயிலில் ஜெனரேட்டர் ஏற்ற முடியாது சார்."
அவர் கேட்டதற்கு அது பதிலே இல்லை.
ஆனாலும் தலையாட்டினார்.

டிஜிட்டலை இரண்டு நாள் தூக்கிப் பார்த்துவிட்டு
பதினாறு எம்எம் போதும் என்று வந்தாள்.
ஒரு மேகசினுக்குப் பதினோரு நிமிடம்.
இருபத்துநாலு வோல்ட் கேட்கும் பிறவி அது,
பக்கத்து அலமாரியின் பதினாலு வோல்ட்டைக் கொடுத்தால்
முறைக்கும், ஓடாது.
எட்டு பேட்டரி கட்டிக் கொடுத்தேன்.
ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறை, ஒவ்வொன்றிலும்
சார்ஜ் போட்ட தேதி.

வியாழக்கிழமை லேபிலிருந்து வந்தது.
ஐம்பதில் எடுத்ததெல்லாம் துல்லியம்,
ஒன்பதரையில் எடுத்த ஒரு முகமும் முகமாக இல்லை.
இரவு, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து வைத்திருக்கிறார்கள்,
பிழை ஒளிந்துகொள்ள இடமே இல்லை.
ஃபோகஸ் பிடித்த ஓவைஸை
அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

கேஜை உள்ளே விட்டேன்.
ஐம்பத்திரண்டு புள்ளி பூஜ்யம் இரண்டு.
துடைத்துவிட்டு மறுபடி விட்டேன்.
ஐம்பத்திரண்டு புள்ளி பூஜ்யம் இரண்டு.

வளையத்தைக் கழற்றினால் அடியில் ஷிம்,
வெங்காயச் சருகைவிட மெல்லிய தகடு.
போன மாதம் நான் வைத்தது.
ஒன்று என்று நினைத்து வைத்தது.
ஜூலை ஈரத்தில் ஒட்டிக்கொண்ட இரண்டு.
நகத்தால் கீறினேன், பிரிந்து வந்தது
எதுவுமே நடக்காதது மாதிரி.

அவன் டேப் பிடித்து அளந்திருக்கிறான்.
டேப் பொய் சொல்லவில்லை.
லென்ஸில் செதுக்கிய எண்ணும் பொய் சொல்லவில்லை.
இரண்டுக்கும் நடுவில் இருந்தது நான்.

"திருகை மூடு, முப்பிடாதி" என்றார் பிப்லானி.
"பழுது எதுவும் காணப்படவில்லை என்று எழுது.
ரயில் ஆட்டம். ஆயிரம் காரணம்."
அவர் சொன்னதில் தப்பில்லை,
ரயில் ஆடத்தான் செய்யும்.

ஜாப் ஷீட்டில் அந்தக் கட்டம் ரொம்பச் சிறியது.
'ஷிம் ஒன்று அதிகம். வைத்தது நான்' என்று எழுதினால்
கையெழுத்து அடுத்த கட்டத்தில் போய் விழுகிறது.
விழட்டும் என்று விட்டேன்.
அதைப் படம் பிடித்து
மந்தாகினிக்கு ஒன்று, ஓவைஸுக்கு ஒன்று.
அவள் கூப்பிட்டுத் திட்டினாள், மராத்தியில், நிதானமாக.
அவன் பக்கம் இரண்டு நீலக் கோடு மட்டும்.

சனிக்கிழமை அவனே வந்தான்.
ரெயின்கோட்டைக் கழற்றவில்லை.
ஒன்பதரையை மாட்டி, சார்ட்டைச் சுவரில் ஒட்டி,
மூன்று அடி, ஆறு அடி, பத்து அடி
என்று ஒரு மணி நேரம்.
நான் டீ சொன்னேன். ஆறிப்போனது.
சார்ஜரில் சிவப்பு ஒவ்வொன்றாய்ப் பச்சையாகிக்கொண்டிருந்தது,
மூன்றாவது மட்டும் பிடிவாதம்.

லென்ஸ் மூடியைப் போட்டான்.
"பேட்டரி எத்தனை?"
"எட்டு."
"பத்து."

பில்லில் எட்டு என்றே எழுதினேன்.
மூன்றாவதைத் தள்ளி வைத்துவிட்டு
பத்து எண்ணிக் கொடுத்தேன்.
அவன் திரும்ப ஒரு முறை எண்ணினான்.