பதிமூன்று வயதில் நான் சொன்ன பொய்கள்

படிவத்தில் மூன்றாவது கட்டம்:
வீட்டில் பேசும் மொழி.
நேபாளி என்று எழுதச் சொன்னாள் அம்மா.
எழுதினேன்.
தம்பி எதிலும் பேசுவதில்லை என்று எழுத
அந்தக் கட்டத்தில் இடமில்லை.

ஹாங்காங், யுவன் லாங்.
டிராம் கிறீச்சிட்டுத் திரும்பும் முனையில்
நான்காம் மாடி.
"கான்டனீஸ் தெரியாததால்தான் பேசவில்லை,
ஒரு வருடம் போகட்டும்" என்றது பள்ளி.
ஒரு வருடம் போனது.
இன்னொன்றும் போனது, யாரையும் கேட்காமல்.
"எங்கள் மொழியிலும்தான் பேசவில்லை என்று சொல்"
என்பாள் அம்மா ஒவ்வொரு முறையும்.
சொல்வேன். தலையாட்டுவார்கள்.
தலையாட்ட எந்த ஊரிலும் காசு கேட்பதில்லை.

கடைசியில் ஒரு மருத்துவர், ஒரு மேசை.
எனக்கும் நாற்காலி போட்டார்கள்.
கணக்குத் தேர்வை விட்டுவிட்டுச்
சீருடையிலேயே வந்திருந்தேன்.
அவர் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தி
என்னைப் பார்த்தார்.
எனக்குப் புரிந்தது. அதுதான் சிக்கல்.
'இவன் பேசாமலே போகலாம்' என்பதை
'இவன் பேச நாளாகும்' என்று அம்மாவிடம் கொடுத்தேன்.
"நான் என்ன தப்பு செய்தேன் என்று கேள்" என்றாள்.
"அம்மா நன்றி சொல்கிறார்" என்றேன் மருத்துவரிடம்.

மின்தூக்கியில் என் பின்னலை அவிழ்த்து
மறுபடி பின்னினாள்.
வேண்டியதைவிட இறுக்கமாக.

சுபினுக்குப் பிடித்த இடம் தெருக்கோடிச் சலவைக்கடை.
ஆறு எந்திரம். ஐந்தாவது மட்டும் நடுங்கும்.
அதன் வட்டக் கண்ணாடியில் நெற்றியை வைத்தால்
எந்த அழுகையும் அடங்கும்.
அங்கேதான் ஷகுஃப்தாவைப் பார்த்தோம்,
உலர்த்தும் எந்திரத்தைக் கட்டிக்கொண்டு நின்ற
மகள் நூரியாவோடு.
"உங்களவன் சுழல்வதைப் பார்க்கவா?
என்னவள் சூட்டுக்கு வருகிறாள்."
உருதுவில் கேட்டாள். படம் பார்த்துக் கற்ற இந்தியில்
அம்மா பதில் சொன்னாள்.
என்ன வியாதி என்று கேட்காத முதல் ஆள்.

புதன்கிழமைக் கூட்டத்துக்கு
முதலில் சமூகநலக் கூடத்தில் ஓர் அறை கிடைத்தது.
அங்கே குழல்விளக்கு ரீங்கரிக்கும்.
பெரியவர்கள் காதில் விழாது,
பிள்ளைகள் சுவரில் தலையை இடித்துக்கொண்டார்கள்.
ஆகவே கூட்டம் சலவைக்கடைக்கு வந்தது.
'துவைக்காதவர் உட்காரக் கூடாது' என்று பலகை.
வீட்டுக்கொரு துண்டு கொண்டுவந்து
சுத்தமான துண்டையே வாராவாரம் துவைத்தோம்:
இரண்டு பாகிஸ்தான் வீடு, மூன்று நேபாள வீடு,
மணிலாவிலிருந்து வந்த கொரசோன்.
முறைத்துக்கொண்டிருந்த கடைக்காரி லாவ்
ஒருநாள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
"கொடு, அந்தக் கடிதங்களை" என்றாள்.
சீன எழுத்தில் வந்து அலமாரியில் கிடந்தவை.
ஒன்றைப் படித்துவிட்டு வெகுநேரம் மடித்தாள்.
சுபினுக்குப் பேச்சுப் பயிற்சி, இடம் தயார், உடனே வரவும்.
தேதி, போன வருடத்துக் கோடை.

அடுத்த முறை மருத்துவமனையில்
"எழுந்திரு. இது பிள்ளைக்குப் போட்ட நாற்காலி இல்லை"
என்று என்னைக் கிளப்பினாள் ஷகுஃப்தா.
மொழிபெயர்ப்பாளர் கேட்டு மூன்று கடிதம் போட்டும்
யாரும் வரவில்லை, அவள் வந்தாள்.
பதினாறு வருடம் கைபேசிக் கடையில்
பேரம் பேசிப் பழகிய கான்டனீஸ்.
கதவு சரியாகச் சாத்தவில்லை.
பேசாமலே போகலாம் என்று
அவள் அப்படியே சொன்னது கேட்டது.
"தெரியும்" என்றாள் அம்மா.
பிறகு கேள்விகள். நான் எண்ணினேன், பதினொன்று.
பேசாமல் எப்படித் தண்ணீர் கேட்கக் கற்றுத்தருவது,
வலித்தால் எப்படிச் சொல்வான்,
என் மகள் எத்தனை நாள் பள்ளியை விட்டிருக்கிறாள்,
அதை எந்தப் படிவத்தில் எழுதுவது.

தாழ்வாரத்தில் சுபின்
என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.
அது அறுந்து கையோடு வரும்வரை விட்டேன்.

அந்த மாதமே ஐந்தாவது எந்திரத்தைச் சரிசெய்துவிட்டார்கள்.
நடுக்கம் போய்விட்டது.
பழையபடி நடுங்க வேண்டும் என்று
அம்மா லாவிடம் சண்டைக்குப் போனாள்,
கையை ஆட்டி, உடம்பை உதறி, பாதி நேபாளியில்.
லாவ் கான்டனீஸில் திட்டிக்கொண்டே
எந்திரத்தின் ஒரு காலடியில் இருந்த அட்டையை உருவினாள்.
யாரும் என்னைக் கூப்பிடவில்லை.