பேசியவர்கள்

கரும்பலகையின் இடது ஓரம்
ஒரு சாண் அகலத்துக்குக் கோடு கிழித்து
மேலே ‘பேசியவர்கள்’ என்று எழுதிவிட்டு
சத்துணவுக் கணக்குப் பார்க்கப் போய்விட்டார்கள் டீச்சர்.
சாக்பீஸ் என் கையில்.
ஐந்தாம் வகுப்பு ‘பி’, வீரவநல்லூர்.
ஓட்டுக் கூரைக்கு மேல் பங்குனி வெயில்.

யாரும் பேசவில்லை.
இதை இப்போது சொன்னாலும் யாரும் நம்புவதில்லை.
முந்தின நாள் வாங்கிய அடி
நாற்பத்திரண்டு பேர் உள்ளங்கையிலும் மிச்சம் இருந்தது.
செங்கோட்டை பாசஞ்சர் போகும் சத்தம்,
பிறகு அதுவும் இல்லை.

காலிப் பலகைக்கு டீச்சரிடம் ஒரு கணக்கு உண்டு:
பெயரே இல்லையென்றால்
லீடர் பேசியிருக்கிறாள்.

அதனால் எழுதினேன்.
பகை இல்லை. பென்சில் தகராறு இல்லை.
தலைப்பில் ஏற்கெனவே ஒரு ‘பே’ இருந்தது,
கை அதையே மறுபடி எழுதிற்று.
பேச்சியம்மாள்.
ஒன்று போதாதோ என்று
பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. இன்னொன்று.

அவள் மூன்றாவது வரிசையில்
பாவாடை நாடாவின் நுனியைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.
தலை தூக்கினாள்.
தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல
உதடு அசைந்தது.
அதைத்தான் பேச்சு என்று
பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“பேசினியாட்டீ?”
“ஆமா டீச்சர்.”

எத்தனை அடி என்று நினைவில்லை.
அந்த ‘ஆமா’வை எங்கே வைப்பதென்றுதான்
இன்றுவரை தெரியவில்லை.

கூட்டுறவு வங்கியில்
நகைக்கடன் தவணை தவறியவர் பட்டியல்
மாதக் கடைசியில் என் மேசைக்கு வரும்.
சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்,
பத்து நிமிட வேலை.
நான் லெட்ஜரைத் திறப்பேன். போன் போடுவேன்.
“வட்டி கட்டலியா?”
“ஆமாம்மா, கட்டல.”
“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”
எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது,
பைத்தியமோ என்று நினைக்கிறார்கள்.
அவங்களே ஒத்துக்கிட்டாங்களே மேடம் என்பார் மேனேஜர்.
ஒத்துக்கொள்கிறவர்களை நான் நம்புவதில்லை, சார்.
பத்தமடைக்காரி ஒருத்தி கட்டிய பணம்
வேறு கணக்கில் ஏறிக் கிடந்தது இரண்டு மாதம்.
அவளும் ஆமா என்றுதான் சொன்னாள்.

வீட்டில் டம்ளர் உடைந்தால்
யார் என்று கேட்கமாட்டேன்.
பிள்ளைகளுக்கு இது வசதி.
அவருக்கு எரிச்சல்.

போன ஆவணியில் பாபநாசம் பஸ்ஸில் பார்த்தேன்.
சேரன்மாதேவியில் ஏறினாள். பருத்திருந்தாள்.
உட்காருமுன்பே போனில் ஆரம்பித்தாள்:
சீட்டுப் பணம், மைனியின் ஆபரேஷன்,
கோழியைத் தூக்கினவன் எந்தத் தெரு என்று.
பஸ் முழுக்கக் கேட்டது.
கண்டக்டர் மெதுவாகப் பேசச் சொன்னார்.
“வாய்க்கும் சேத்துத்தான் டிக்கெட் எடுத்திருக்கேன்” என்றாள்.
எல்லோரும் சிரித்தார்கள்.
முன்சீட்டு முதுகில் என் விரல் நகம்
தானாகக் கீறிக்கொண்டிருந்தது,
குறுக்கே ஒன்று, அதன் மேல் ஒன்று.

ஜங்ஷனுக்கு டிக்கெட் எடுத்தவள்
சுத்தமல்லி விலக்கில் இறங்கிவிட்டேன்.
பஸ் நகர்ந்தபோது ஜன்னலில் அவள்.
என்னைப் பார்த்தாளா, தெரியாது.
கண்ணாடிக்குப் பின்னால்
உதடு மட்டும்.