எர்த் இல்லாத வீட்டில்

இருபத்திரண்டாயிரம் ரூபா.
தீபாவளி முற்பணத்தில்
உடுப்பும் கடனும் போக மிஞ்சியது.
அதற்குள் ஒரு ஹெட்போன், ஒரு அம்ப்ளிபயர்,
நோர்வூட்டுக்குத் திரும்ப பஸ் காசு.

ஹட்டன் கடையில் ரிஃப்கான் கேட்டான்:
“என்ன மாதிரிப் பாட்டுக் கேப்பீங்க, தம்பி?”
பாட்டு மட்டும் என்றால் போனே போதும்.
கொழுந்து அரைக்கும் ரோலருக்குப் பக்கத்தில்
எட்டு மணித்தியாலம் நிற்கிறவன் நான்.
எனக்குக் கேட்க வேண்டியது
சத்தம் முடிகிற இடம்.
வீணை நரம்பொன்றைத் தட்டிவிட்டால்
அது எங்கே போய் அணைகிறதோ, அந்த இடம்.
சொன்னால் சிரிப்பான் என்று
“எல்லாந்தான்” என்றேன்.

முதலில் தந்தது முதுகு திறந்த வகை,
வலை போட்ட கிண்ணம்.
மாட்டியதும் கடை காணாமற்போய்
ஒரு மண்டபம் விரிந்தது.
வயலின்காரர் இடப்பக்கம், சற்றுப் பின்னால்.
மிருதங்கத்தில் அப்பிய ரவை
ஈரமா காய்ந்ததா என்றுகூடச் சொல்லிவிடலாம்.
விலையும் கைக்கு எட்டியது.
வாங்கியிருப்பேன்.

எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு சுவர் உண்டு.
சுவர் கூரையைத் தொடுவதில்லை.
அந்த இடைவெளியால்
பக்கத்து வீட்டுக் கருவாடு வரும்,
யோகமலர் அக்காவின் மருமகன்
கத்தாரிலிருந்து போனில் கெஞ்சுவது வரும்.
நான் கேட்பதும் அப்படியே அங்கே போகும்.
மேலே தகரம் வேறு, ஐப்பசி மழை வேறு.
மூடியதைக் காட்டுங்கள் என்றேன்.

மூடியதில் மூன்று.
ஒன்று, குண்டுங்குழியில் போகும் லொறி.
இன்னொன்றில் எல்லாப் பாடகருக்கும் தடிமன்.
மூன்றாவது யாரோ பாவித்தது, காதுமெத்தை உரிந்தது,
எண்பது ஓம்.
போனில் செருகினால் முனகியது.
“இதுக்குத் தீனி பத்தாது” என்று
சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு பெட்டியை
இடையில் பூட்டினான்.
படுத்திருந்த குரல் எழுந்து உட்கார்ந்தது.

ஹெட்போன் பதின்மூன்றரை, பெட்டி எட்டு.
“பெட்டிய அடுத்த மாசம் எடுங்க.
மோசமான ஹெட்போன எந்தப் பெட்டியும் திருத்தாது.
நல்லது காத்துக்கிட்டிருக்கும்.”
வியாபாரி வாயில் இப்படியொரு வார்த்தை வந்ததும்
இரண்டையும் வாங்கிவிட்டேன்.
தேத்தண்ணி குடிக்காமல் பஸ் ஏறினேன்.

இரவு,
பழைய லெப்டொப்பில் எல்லாம் செருகிக்
காதில் வைத்தால்
ம்ம்ம்ம்ம்.
யார் எதைச் சொன்னாலும் ஆமாம் போடுகிற
தலைவரின் ம்.
கூட்டினாலும் அதேதான், குறைத்தாலும் அதேதான்.
ரோலர் என் பின்னாலேயே வீடுவரை வந்துவிட்டதோ?

ரிஃப்கானுக்குக் கோல் எடுத்தேன்.
“பிளக்கில மூணாவது ஓட்டை இருக்கே,
அதுக்குள்ள வயர் இருக்கா?”
கழற்றிப் பார்த்தேன்.
ஓட்டை இருந்தது.
இந்த மண்ணுக்கு வந்து இருநூறு வருசம் என்கிறார்கள்.
மண்ணோடு சேர்க்கிற ஒரு வயர்
இன்னும் வீட்டுக்கு வரவில்லை.

“அப்ப சார்ஜரைக் கழட்டிட்டுக் கேளுங்க.”
கழற்றினேன்.
ம் நின்றது.

நாற்பது நிமிடம் தாங்கும் பேட்டரி அது.
அன்றிலிருந்து ஆலாபனையை நீட்டுகிறவர்கள்
எனக்குக் கட்டுபடியாவதில்லை.
ஒருவர் தனி ஆவர்த்தனம் தொடங்குகையில்
திரை அணைந்துபோனது.
அவர் இன்னும் அங்கேயே வாசித்துக்கொண்டிருக்கக்கூடும்.

நேற்று ஒரு வீணை.
நரம்பு தேய்ந்து, இன்னும் தேய்ந்து,
ஏறக்குறைய அந்த இடம் —
யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.
பதிவிலா? பக்கத்து வீட்டிலா?
ஏழு வீதம் மிச்சமிருந்தது.
திரும்பப் போட்டுப் பார்த்திருக்கலாம்.
ஹெட்போனைக் கழற்றி,
சுவருக்கு மேலிருந்த இருட்டைப் பார்த்துக் கேட்டேன்:
“மலரக்கா, இன்னும் தூங்கலயா?”

“எங்க தூங்குறது, லோகு?
காத மூடிக்கிட்டு
தெனம் நாப்பது நிமிசம்
ம்ம்ம்ம்னு நீ போடுற சத்தம்
முடியணுமே.”