தண்ணீர் போன வழி

துவாக்குடிப் பட்டறையில் எந்திரம் பூட்ட வந்தவள்
ஷென் யூலான்.
ஞாயிற்றுக்கிழமை.
ஓட்டல் சுவரைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டதாம்.
"ஒரே நாளில் போய்த் திரும்ப, பழைய ஊர் உண்டா?"
அவள் கைப்பேசி கேட்டது,
மனப்பாடம் ஒப்பிக்கும் பெண்குரலில்.
கொள்முதல் கணக்கு எழுதுகிறவன் நான்.
விலை தெரியும், சரித்திரம் தெரியாது.
கானாடுகாத்தான் என்று சொல்லிவைத்தேன்.

திருமயம் தாண்டும்போது படம் காட்டினாள்:
பிறந்த ஊர்.
தெரு இருக்க வேண்டிய இடத்திலெல்லாம்
பாசி நிறத்தில் தண்ணீர்.
படியிறங்கினால் படகு.
ஒருத்தி மீன் கழுவிக்கொண்டே
பாலத்தில் போகிறவளிடம் வம்பளக்கிறாள்.
வளைந்த கல்பாலம்,
கீழே அதன் நிழல் சேர்ந்து முழுவட்டம்.
"நாம் போகும் ஊரில் கால்வாய் எத்தனை?"
ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.
பொட்டல், கருவேலம், ஒரு செல்போன் கோபுரம்,
மறுபடி பொட்டல்.
காது கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

பதினொரு மணி வெயில்.
நூல் பிடித்துப் போட்ட தெருக்களில் ஆள் இல்லை.
அழகுநாச்சி ஸ்கூட்டியில் வந்தாள் சாவிக்கொத்தோடு.
தலைக்கு ஐம்பது, போட்டோவுக்குத் தனி.
தேக்குத்தூண் என்றாள், பெல்ஜியம் கண்ணாடி என்றாள்,
இது பர்மா, அது இத்தாலி.
யூலான் எதையும் பார்க்கவில்லை.
வளவின் நடுவில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள்.
நாலு பக்கமும் உள்ளே சரிந்த கூரை,
மூலையில் தாமிரக் குழாய்,
கல்தரையில் கையகல ஓட்டை.
"இங்கே விழும் மழை எங்கே போகிறது?"

"ஊருணிக்குன்னு சொல்லுவாக"
என்றாள் அழகுநாச்சி.
கைப்பேசி அதை என்னவென்று சொன்னதோ,
யூலான் எழுந்து கையை நீட்டினாள்:
காட்டு.

மழை பெய்து எட்டு மாதம்.
கொல்லையில் லாரித் தண்ணீர் இரண்டு குடம்,
ஒன்று சோறாக்க, ஒன்று மற்றதுக்கு.
அழகுநாச்சி கொஞ்சம் யோசித்தாள்.
மற்றதைத் தூக்கிவந்து
கவிழ்த்தாள்.

ஓடினோம் மூவரும்,
செருப்புகூடப் போடாமல், தெருவுக்கு.
சுவரோரக் கல்வாய்க்காலில் ஒன்றுமில்லை.
நின்றோம். கால் சுட்டது.
ஒரு நாயும் வந்து நின்றது.

பிறகு,
வேப்பஞ்சருகு, ஷாம்பு உறை, செத்த பூரான்,
அவற்றை நெட்டித் தள்ளிக்கொண்டு,
முகத்தில் நுரையோடு
விரலுயரத் தண்ணீர்!
யூலான் அவள் மொழியில் என்னவோ கத்தினாள்.
"விருந்தாளி வருகிறார்" என்றது கைப்பேசி.

அதன் வேகத்துக்கு நடந்தோம்.
கிளை பிரியும் இடத்தில் அது தயங்கியபோது
அழகுநாச்சி மண்ணை விரலால் கீறிவிட்டாள்.
"என்னாத்தா தொலைச்சிட்டிய?"
டீக்கடைக்காரர் கேட்டார்.
"தண்ணிய."
எட்டிப் பார்த்தார். கடைக்குள் போய்
கிளாஸ் கழுவிய வாளியைக் கொண்டுவந்து
அவர் பங்குக்கு ஊற்றினார்.

ஊருணியின் கல்படி தெரிந்தது.
அதற்கு முன்னால்
ஏடிஎம் அறைக்குப் போட்ட சிமெண்ட் சாய்தளம்.
தண்ணீர் அதில் முட்டி
ஒரு தட்டுக்குமேல் அகலமில்லாமல் நின்றது.
நாங்கள் பார்க்கப் பார்க்க ஓரம் சுருங்கியது.

யூலான் பையிலிருந்து அளவு நாடா எடுத்தாள்.
முப்பத்தெட்டு மீட்டர் மிச்சம்.
குனிந்து ஒரு கண்ணை மூடி மட்டம் பார்த்தாள்.
"சரிவு சரியாக உள்ளது" என்றது கைப்பேசி.
"தண்ணீர் மட்டும் தாமதம்."

கையிலிருந்த இருபது ரூபாய்ப் பாட்டிலை
வாய்க்காலில் ஊற்றாமல்
அழகுநாச்சியிடம் நீட்டினாள். அவள் வாங்கவில்லை.
"அதான் பாத்தாச்சுல்ல" என்று
ஸ்கூட்டியை உதைத்தாள்.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் அவள்.
ரோட்டுக்குக் குறுக்கே சின்னச் சின்னப் பாலங்கள்,
கைப்பிடிச் சுவரில் கறுப்பு மையில் எண்.
இத்தனை நாள் போய்வந்த ரோடு.
ஒவ்வொன்றின் அடியிலும் காய்ந்து கிடந்தது
ஒரு வரத்துக்கால்.
முதலில் விரல்விட்டு எண்ணினாள்,
அப்புறம் சத்தமாக, சீனத்தில்.
அர்த்தம் புரிய எனக்குக் கைப்பேசி தேவைப்படவில்லை.

நாற்பத்தொன்றில் தூங்கிப்போனாள்.
நான் எண்ணிக்கொண்டு வந்தேன்.