நீருக்குள் ஊதுதல்

குவோப்பியோ நகர நீச்சல்குளத்தில்
இருபத்திரண்டு வருடம் கத்தியவள் நான்.
ஐம்பது மீட்டருக்கு அந்தப்புறம்
விளிம்பைப் பற்றித் தொங்குகிறவனை
இந்தப்புறம் நின்றபடியே
கையை விட வைத்திருக்கிறேன்.
ஓடு பதித்த சுவர்கள் என் சொல்லை வாங்கி
இரண்டாக்கித் திருப்பித் தரும்.
தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவது என்பார்களே,
சுற்றிலும் இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு
அதைத்தான் செய்தேன்.

கழுத்தில் கட்டி. தைராய்டை முழுசாக எடுத்தார்கள்.
கெட்டது மிச்சமில்லை,
நல்ல செய்தி என்றார் மருத்துவர்.
நல்ல செய்திதான்.
நன்றி சொல்ல வாயைத் திறந்தேன்,
காற்று வந்தது.

மூன்று மாதத்தில் சரியாகும் என்றார்கள்.
அப்புறம் ஆறு மாதம்.
அப்புறம், ஒரு வருடம் பொறுத்துப் பார்ப்போம்.
அதற்கப்புறம் மாதங்களைப் பற்றிய பேச்சே இல்லை.
குரல்நாணை இழுத்து உயரத்துக்கு ஏற்றும் நரம்பு ஒன்று உண்டாம்,
நூலைவிட மெல்லியது.
அது மட்டும் விழிக்கவில்லை.

இது ஏழாவது குளிர்காலம்.
வெறும் வயிற்றில் வெள்ளை மாத்திரை,
காபிக்கு அரைமணி நேரக் காத்திருப்பு.
அந்த அரைமணியில்
இன்றைக்கு என்ன இருக்கிறதென்று
பூனையிடம் பேசிப் பார்ப்பேன்.
பத்து மணிக்குக் குரல்.
மூன்று மணிக்கு மணல்.
இரவுச் சாப்பாட்டில் உப்பு வேண்டுமென்றால்
சுட்டிக்காட்டுவேன்.

வங்கிக்குத் தொலைபேசினால்
"சிர்க்காவிடமே பேச வேண்டும்,
அவரைக் கூப்பிடுங்கள்" என்கிறான் ஒரு பையன்.
சரி, கூப்பிடுகிறேன்.
ஜன்னலுக்கு வெளியே பனி விழுவதைக்
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
அதே குரலில் "சொல்லுங்கள்" என்கிறேன்.
சிர்க்கா என்றால் எங்கள் மொழியில் சில்வண்டு.
பெயர் வைத்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆர்வோவோடு சண்டை என்றால்
முன்பு கடைசிச் சொல் என்னுடையது,
உயரத்திலிருந்து எறிவேன்.
இப்போது என் கோபத்துக்கு மாடி இல்லை.
தரைத்தளத்தில் நின்றே திட்டுகிறேன்.
சரியாகக் கேட்கவில்லையென்று
அவர் அருகில் வந்து காதைச் சாய்க்கிறார்.
சாய்ந்த காதைத் திட்டிப் பாருங்கள்,
தெரியும் கஷ்டம்.

என் பழைய குரல் எப்படி இருந்தது?
மகள் வில்யாவிடம் கேட்டேன்.
அப்போது அவளுக்கு எட்டு, இப்போது பதினைந்து.
கைபேசியிலிருந்து தலையைத் தூக்கினாள்.
"எந்தப் பழைய குரல்?"

குரல் பயிற்சிக்குப் போனபோது
கையில் ஒரு கண்ணாடிக் குழாய் கொடுத்தார்கள்.
ஒரு முனை உதட்டில்,
மறுமுனை கிண்ணத்துத் தண்ணீரில் இரண்டு விரல்கடை.
ஊஊ என்று ஊது, குமிழி வரட்டும்.
சிரித்துவிட்டேன், சிரிப்பும் காற்றாகத்தான் வந்தது.
நீந்தத் தெரியாதவர்களுக்கு
முதல் நாள் நான் சொல்லித் தருவது வேறென்ன?
மூச்சை வெளியே இழு, தண்ணீருக்குள் விடு.

செவ்வாய்க்கிழமை பெரியவர்கள் வகுப்பு.
விசில் உண்டு, வெள்ளைப்பலகை உண்டு,
இடுப்பில் கட்டிய ஒலிபெருக்கி
ஈரத்தில் பாதி நாள் செத்துக் கிடக்கும்.
ரெய்மோ, சரக்குக் கிடங்கில் வண்டி ஓட்டுகிறவன்,
ஐம்பத்துமூன்று வயது, மலைபோல் தோள்கள்.
ஒருமுறை பனி உடைந்து ஏரிக்குள் போனவன்.
ஐந்து வாரமாக முகத்தை நனைக்கவில்லை.
பலகையில் எழுதியதைப் படிக்கிறான்,
தலையாட்டுகிறான், நனைக்கவில்லை.

நானும் இறங்கினேன்.
மார்பளவு தண்ணீர்.
கழுத்துத் தழும்பை அவன் பார்த்தான்,
பார்க்காததுபோலக் கடிகாரத்தைப் பார்த்தான்.
இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு
முகத்தை உள்ளே வைத்து
குழாய் இல்லாமலே ஊதினேன்: ஊஊஊ.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
கண் திறந்தபோது எதிரே
இன்னொரு முகம், கன்னம் உப்பி,
மூக்கெல்லாம் குமிழி.

எழுந்து இருமினான். மூக்கைத் துடைத்தான்.
"கேட்டது" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினான்.
"மேலே நீ பேசுவதில் எனக்குப் பாதி புரிவதில்லை.
உள்ளே கேட்டது."

மறுபடி, என்றேன்.
அவனுக்குக் கேட்கவில்லை.
தண்ணீரைச் சுட்டிக்காட்டினேன்.