தாய்மாமன் சீர்

ஆய்வகச் சுவரில் பத்து விதிகள்.
சிவப்பில் எழுதியிருக்கிறதாம்.
எனக்கு அது சேறு.

ஏழாவது விதி:
எதையும் மூக்கருகே வைத்து முகராதே,
கையால் விசிறிக் கொஞ்சமாய் வரவழை.
குணவதி டீச்சர் செய்து காட்டுவார்,
கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவதுபோல.
சிப்காட் பக்கமிருந்து காற்றடிக்கும் இரவுகளில்
சோனங்குப்பத்துப் பிள்ளைகள் நாங்கள்
பாயில் படுத்தபடி விசிறிப் பார்த்திருக்கிறோம்.
அழுகின முட்டை என்பேன் நான்.
நகப்பாலிஷ் என்பாள் தங்கை.
அம்மா ஜன்னலைச் சாத்துவாள்.
அந்தக் காற்று எந்தப் பள்ளியிலும் படித்ததில்லை.

பிராக்டிகலுக்கு வந்தவர் விருத்தாசலத்துக்காரர்.
என் சீட்டில் விழுந்தது பெனடிக்ட் சோதனை.
குழாயின் வாய் யார் முகத்தையும் பார்க்காதபடி
(அது மூன்றாவது விதி)
சாய்த்துப் பிடித்துச் சூடாக்கினேன்.
நீலம் போனது. போனது தெரிந்தது.
போன இடத்தில் வந்து உட்கார்ந்தது
பச்சையா செங்கல்லா,
சர்க்கரை துளியூண்டா கொள்ளையா,
பக்கத்து மேசை நஸ்ரீனைப் பார்த்தேன்.
அவள் நுண்ணோக்கிக்குள் இருந்தாள்.

"என்ன நிறம்?"
"தெரியல சார்."
"பயப்படாம பாத்துச் சொல்லு."
"பயமில்ல சார். தெரியல."

பேனாவை மூடினார். திறந்தார்.
வாய்மொழிக் கேள்வியை அதிலிருந்தே எடுத்தார்:
"அப்பா வழியா, அம்மா வழியா?"

என் மாமா தேசிங்கு
இருட்டில் ஃபைபர் படகின் முனையில் நின்று
தூரத்து விளக்கைக் காட்டிக் கேட்பார்:
"டேய், அது இன்னா கலருடா?
நம்மகிட்ட வருதா, தாண்டிப் போவுதா?"
கிண்டல் என்று நினைத்துச்
சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள்.
அந்தச் சிரிப்பை வைத்துத்தான்
இருபது வருஷம் கரை சேர்ந்தார்.

என் காதுகுத்துக்கு
ஒரு சவரன் என்று சொல்லி அரைச் சவரன் போட்டவர்.
மீதி எங்கே என்று அப்பா
குடித்த நாளெல்லாம் கேட்பார்.
பாக்கி எதுவும் இல்லை அப்பா.
நான் பிறக்கும் முன்னாலேயே வந்துவிட்டது சீர்,
அம்மா ஏந்திவந்த தட்டில்,
துணி மூடி,
உள்ளே என்னவென்று அவளுக்கே தெரியாமல்.

அஞ்சலாட்சி, என் அம்மா,
முதுநகர் மார்க்கெட்டில் செவுளைத் தூக்கிக் காட்டி விற்பவள்.
"பாரு, ரத்தமா நிக்குது."
நான் உட்காரும் நாளில்
மீனின் கண்ணைப் பார்ப்பேன்,
விரலால் அழுத்துவேன்,
குழி எழும்பினால் புதுசு.
அவளுக்கு எல்லா நிறமும் தெரியும்.
கடத்தி என்கிறது பாடப்புத்தகம்,
ஏதோ ஏர்போர்ட்டில் பிடிபட்டவளைப்போல.

தங்கை யமுனாவுக்குப் பாதிக்குப் பாதி.
பூவா தலையா,
சுண்டிவிட்டாயிற்று, கை இன்னும் விரியவில்லை.
அவளுக்கொரு மகன் பிறந்து
செங்கல்லைப் பச்சை என்று சொன்னால்
எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்,
நான்தானே அப்போது மாமன்.

விருத்தாசலத்துக்காரர் எவ்வளவு போட்டார் என்று தெரியாது.
கையைக் கழுவிட்டுப் போ என்றார்.
பத்தாவது விதி.

எழுத்துத் தேர்வில் உணவுச் சங்கிலி வந்தது.
புல், வெட்டுக்கிளி, தவளை என்று எழுதினார்கள் எல்லோரும்.
நான் உப்பனாற்றை எழுதினேன்.
மிதவை உயிரி, இறால், மடவை, கொக்கு.
மடவையிலிருந்து இன்னொரு அம்புக்குறி போட்டு
எங்கள் வீடு.
படிக்குப் படி ஆற்றல் பத்தில் ஒன்றாய்க் குறையும்,
நஞ்சு மட்டும் ஏறஏறத் திரளும்.
இதற்கு இரண்டு மதிப்பெண்,
படம் வரைந்தால் மூன்று.

போன வாரம் குறிப்பேட்டோடு ஒருவர் வந்தார்.
ஆற்றுத் தண்ணீர் நிறம் மாறியிருக்கா என்று
வலை கட்டிக்கொண்டிருந்த மாமாவைக் கேட்டார்.
மாமா என்னைப் பார்த்தார்.
நான் மாமாவைப் பார்த்தேன்.
கேட்க ஆள் கிடைத்ததே அவருக்கு.

பாலத்தடியில்
மல்லாந்து மிதந்தது ஒரு மடவை.
வயிறு வெள்ளை.
வெள்ளை எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.