நாலு மீட்டர் இருபது

இருட்டினால் நிறுத்திவிடலாம் என்றாய், யூஸ்டைன்.
லொஃபோட்டனில் ஜூலைத் தொடக்கத்தில்
இருட்டு வருவதில்லை என்பதை
பூடோவில் பிறந்தவனுக்கு
நான் சொல்ல வேண்டுமா?
மணி ஒன்பது. சூரியன்
கடலுக்கு மேலே,
உட்காரலாமா வேண்டாமா என்று நிற்கிறது
நம்மைப் போலவே.

முதல் முகாமில் குறுக்கே கயிறு.
இரண்டாவதில் அட்டை: நிரம்பிவிட்டது.
கீழே யாரோ பேனாவால்
‘உண்மையாகவே’ என்று சேர்த்திருந்தார்கள்.
மூன்றாவதில் பையன் வாயே திறக்கவில்லை.
தூரத்தில் பார்த்ததுமே
தலையை ஆட்டத் தொடங்கியவன்
நாம் திரும்பிப் போன பிறகும்
பக்கக் கண்ணாடிக்குள்
ஆட்டிக்கொண்டே இருந்தான்.

கடலோரம் எள் போட இடமில்லை.
வீட்டையே பெயர்த்துக்கொண்டு வந்தவர்கள்.
கூரையில் டிஷ், பின்னால் நாலு சைக்கிள்,
இறங்க மடக்குப் படி, படிக்குக் கீழே பாய்,
பாய் மேல் நாய், நாய்க்கு ஒரு குடை.
நம்முடையதோ
தபால் இலாகா கழித்துவிட்ட சிவப்பு வண்டி.
எவ்வளவு தேய்த்தும் போகாமல்
பக்கவாட்டில் அந்தக் கொம்பின் தடம்.
வழியில் இரண்டு பேர்
பார்சல் வந்திருக்கிறதா என்று கேட்டார்கள்.

ஜனவரியிலேயே பதிந்துவைப்போம் என்றிருந்தேன்.
ஊர் சுற்ற வரிசை எண் எதற்கு என்றாய்.
அதை நான் குத்திக்காட்டவே இல்லை.
ராம்பெர்க் தாண்டும்போது ஒரு தடவை.
பாலத்தின் மேல் ஒரு தடவை.

புல்வெளி ஓரமாக ஒதுங்கி
அடுப்பைப் பற்றவைத்தோம்.
ஓர் ஆள் இறங்கி வந்தார்.
கோபமாக இல்லை,
கோபப்பட்டு அலுத்துப்போனவர் மாதிரி.
“இது ஆட்டுக்கான தீவனப் புல்” என்றார்.
பாறைக்குப் பின்னால் கைகாட்டினார்.
அங்கே வெள்ளைக் காகிதம்
காற்றில் எழுந்தெழுந்து படுத்தது.
அது நாங்கள் இல்லை என்றாய்.
“தெரியும். வருகிற யாருமே
அவர்கள் இல்லை” என்றார்.

பாதி வெந்த மக்ரோனியை
பாத்திரத்தோடு மடியில் வைத்துக்கொண்டு
அடுத்த துறைமுகம் வரை வந்தேன்.
வளைவுக்கு வளைவு கொதிநீர்
என் முழங்காலை விசாரித்தது.

அங்கேயும் நிரம்பிவிட்டது.
ரப்பர் பூட்ஸோடு வெளியே வந்த போர்ஹில்ட்
வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.
எவ்வளவு நீளம்?
நாலு மீட்டர் இருபது.
நம்பாமல் எட்டு வைத்து அளந்தாள்.
குளியலறைச் சுவருக்கும்
மீன் காயவைக்கும் மரச்சட்டங்களுக்கும் இடையில்
ஒரு சந்தைக் காட்டினாள்.
“சாயங்காலத்திலிருந்து ஏழு பேரைத் திருப்பிவிட்டேன்.
ஏழும் திமிங்கலம்.”
வாடகை எவ்வளவு என்றாய்.
குளிக்க இருபது குரோனர் நாணயம் போடணும்.
இடத்துக்கு…
அவள் யோசித்தாள்.
அது இடமே இல்லையே, அதற்கென்ன வாங்குவது?

இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிறவர்களை
அந்தக் கரையில் அவளும் பார்த்திருப்பாள்.
ஆனாலும்
குப்பைத் தொட்டியைத் தானே நகர்த்தி
கதவு திறக்க வழி செய்தாள்.

நள்ளிரவு. திரைச்சீலையில்
சட்டங்களின் நிழல் கோடு கோடாக.
காட் மீனையெல்லாம் ஜூனிலேயே இறக்கிவிட்டார்கள்,
வாடையை இறக்க மறந்துவிட்டார்கள்.
சுவருக்கு அந்தப் பக்கம்
யாரோ பல் துலக்கிக்கொண்டே பாடுகிறார்கள்.
வாலோடு வால் சேர்த்து முடிந்து
ஜோடி ஜோடியாகத்தான் தொங்கவிடுவார்கள்
என்றாய் தூக்கக் கலக்கத்தில்.
நீட்ட வழியில்லாத நம் கால்கள்
அதற்கு முன்பே பின்னிக்கிடந்தன.
நான் காலை எடுக்கவில்லை.
கோபம் கொஞ்சம் மிச்சமிருந்தது, ஆனாலும்.

காலையில் பின்னோக்கி எடுத்தோம்.
சக்கரம் அழுத்திய புல் நிமிர்வதற்குள்
ஒரு சின்ன நீல வண்டி
மூக்கை நுழைத்துவிட்டது.
போர்ஹில்ட் எட்டு வைக்க ஆரம்பித்திருந்தாள்.

“அடுத்த ஜனவரியில்…” என்று
தொண்டையைச் செருமினாய்.
நான் ரேடியோவைத் திருகினேன்.